எளிதில் உடையும் தன்மை: தமிழ் வினைச்சொற்களின் பொருண்மை வேறுபாடும் சுவடி விளக்கக் கலைச்சொல்லாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

எளிதில் உடையும் பொருள்களின் இயல்பைச் சுட்டத் தமிழில் தனிப் பண்புப்பெயர் ஒன்று நிலைபெறவில்லை. அவ்வியல்பைத் தமிழ் பெரிதும் வினைச்சொற்களாலேயே உணர்த்துகிறது. உடை, ஒடி, முறி, அறு, பிள, நொறுங்கு, உதிர் முதலிய வினைகள் பொருளின் வடிவம், உடைவின் விளைவு ஆகிய அடிப்படைகளில் தம்முள் வேறுபடுகின்றன. இன்றைய அறிவியல் தமிழ் இவற்றுள் நொறுங்கு என்னும் ஒன்றை மட்டும் தேர்ந்து ‘நொறுங்கும் தன்மை’ என ஆள்கிறது. இத்தேர்வு உடைந்த பின் எஞ்சும் விளைவைச் சுட்டுகிறதேயன்றி, உடைவதற்கு முன் பொருளில் அமைந்துள்ள நிலையைச் சுட்டவில்லை. அந்நிலையைச் சுட்டும் சொற்கள் சமையல், கொல்லுத்தொழில், ஏடு பதப்படுத்தல் ஆகிய துறைகளின் வழக்கில் உள்ளன என்பதையும், அவை ஓலைச்சுவடிகளின் நிலையை விவரிக்கும் கலைச்சொற்களாகப் பயன்படக்கூடும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பொருண்மையியல், வினைச்சொல், நொறுங்கும் தன்மை, முறுகல், பதம், ஓலைச்சுவடி, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் வெளியிட்ட கலித்தொகைப் பதிப்பின் முகப்புரையில், தம் கைக்குக் கிடைத்த பழைய ஏடுகளின் நிலையை எடுத்துரைக்கிறார். ஏட்டின் ஓரத்திற்குச் சொரிதல், கட்டவிழ்க்கும்போது இதழுக்கு முறிதல், ஒற்றையைப் புரட்டும்போது துண்டுகளாகப் பறத்தல் என மூன்று வேறு வினைகளை அவர் அங்கு ஆள்கிறார். பொருள் ஒன்றே, அதன் முதுமையும் ஒன்றே, ஆயினும் ஓரத்திற்கு ஒரு வினையும் இதழுக்கு மற்றொரு வினையும் வேண்டப்பட்டன. இவ்வேறுபாட்டை உரைநடையின் அலங்காரமாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. ஓரம் சொரியும் ஏட்டைத் தொடலாம், வளைக்கவும் கூடும். இதழ் முறியும் ஏட்டையோ வளைத்தலே ஆகாது. ஏட்டைக் கையாள்வோர்க்கு இவ்வேறுபாடு உயிர்நிலையானது.

ஆயினும் சுவடிகளின் நிலையைக் குறிக்கும்போது சிதைந்தது, பழுதுற்றது, சிதிலமானது என்பன போன்ற பொதுச்சொற்களே எளிதில் கைக்கு வருகின்றன. அறிவியல் நூல்களிலும் எளிதில் உடையும் தன்மை அனைத்தும் ‘நொறுங்கும் தன்மை’ என்னும் ஒரு தொடருக்குள் அடங்கிவிடுகிறது. தமிழ் வழக்கு நுட்பமாகப் பகுத்து வைத்துள்ள ஒரு பொருட்புலத்தைக் கலைச்சொல் வழக்கு ஒன்றாக்கிவிட்டதா என்பதே இக்கட்டுரையின் வினா.

1. மூன்று கருத்துகள்

எளிதில் உடைதல் என்னும் பொதுத்தொடருள் மூன்று கருத்துகள் கலந்துள்ளன. முதலாவது, சுமையோ அடியோ நேர்கையில் வளையாமலும் நீளாமலும் உடையும் மூலப்பொருளின் இயல்பு. இரண்டாவது, மெல்லியதாகவோ நுண்ணியதாகவோ அமைந்தமையால் எளிதில் ஊறுபடும் செய்பொருளின் நிலை. மூன்றாவது, சிறிதளவு அழுத்தத்திலேயே மணிமணியாகவோ தூளாகவோ பிரியும் இயல்பு. ஆங்கிலம் இவற்றை முறையே பிரிட்டில், ஃப்ராஜைல், ஃப்ரையபிள் என்னும் மூன்று சொற்களால் வேறுபடுத்துகிறது.

இம்மூன்றும் ஒன்றையொன்று உட்கொள்வன அல்ல. வார்ப்பிரும்பாலான தடித்த தூண் முதலாம் இயல்புடையது. ஆயினும் அதனை நொய்ம்மையான பொருள் என எவரும் கூறார். சிலந்தி வலை இரண்டாம் நிலையினது. ஆயினும் அது நீண்டு கொடுத்தே அறும். காய்ந்த மண்கட்டி மூன்றாம் இயல்புடையது. கடினத்தன்மையும் இவற்றினின்று வேறானது. கண்ணாடி கடினமானது, இரும்பு ஆணியால் எளிதில் கீற முடியாதது, ஆயினும் கைதவறி விழுந்தால் உடைந்துவிடும். கடினம், வலிமை, உடையாமை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கருதும் மயக்கத்திற்குக் கண்ணாடியே தக்க மறுப்பு.

தமிழ்நாட்டுப் பள்ளி அறிவியலில் அலோகங்களின் இயல்பைக் கூறுமிடத்தில் நொறுங்கும் தன்மை என்னும் தொடர் பயில்கிறது. கந்தகத்தையோ கரியையோ சுத்தியலால் அடித்தால் அது தூளாகும், உலோகம் தகடாகும். இச்சோதனையை மட்டும் நோக்கின் நொறுங்கு என்னும் வினை பொருத்தமானதே. சோதனை மாறும்போது அப்பொருத்தம் நிலைக்கிறதா என்பதை அறியத் தமிழ் வினைகளின் பொருள் எல்லைகளைக் காணுதல் வேண்டும்.

2. வடிவம் நோக்கிய வினைகள்

தமிழில் உடைவைக் குறிக்கும் வினைகளுள் ஒரு பகுதி, உடையும் பொருளின் வடிவத்தை நோக்கியே அமைகிறது. நீண்ட பொருளுக்கு ஒடி, முறி. இழைக்கும் கயிற்றுக்கும் அறு. தகட்டு வடிவினதும் மெல்லியதுமான துணி, தாள் முதலியவற்றுக்குக் கிழி. நார்வாக்கில் இரண்டாகும் மரத்திற்குப் பிள. உள்ளீட்டைக் கொண்டிருக்கும் பொருளுக்கும் தடுத்து நிற்கும் பொருளுக்கும் உடை என்பது பொதுவழக்கு. குடம், முட்டை, தேங்காய், கட்டி ஆகியன உடைகின்றன. ஏரிக்கரையும் மடையும் உடைகின்றன. இவற்றுள் பொதுவாக அமைவது, அடைத்து நின்றது வழிவிடுதலும் உள்ளிருந்தது வெளிப்படுதலுமாகும். கமுக்கத்தைப் போட்டு உடைத்தல் என்னும் வழக்கும் இப்பொருளினின்றே கிளைத்தது. எனினும் உடை என்பது இப்புலத்தின் பொதுவினையாகவும் விரிந்துள்ளமையால் கண்ணாடி, கல், நாற்காலி ஆகியவற்றுக்கும் அது வருகிறது.

ஒடி, முறி ஆகிய இரண்டும் நீண்ட பொருளுக்குரியன எனினும் பருமையாலும் விசையாலும் வேறுபடுகின்றன. குச்சியும் இளங்கிளையும் பெரும்பாலும் ஒடியும். வண்டியின் அச்சும் எலும்பும் முறியும். ஒடித்தலுக்குக் கைவிரல் போதும். சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கும் வழக்கம் கருதத்தக்கது. நுனி பட்டென ஒடிந்தால் காய் பிஞ்சு; வளைந்தால் முற்றல். இங்கு ஒடிதல் குறையைச் சுட்டாமல் இளமையைச் சுட்டுகிறது. மரக்கிளையில் நிலைமை வேறு. முருங்கை பருத்தாலும் தூணுக்கு உதவாது என்பது பழமொழிக் கருத்து. அதன் கிளையை நம்பி ஏறுவார் இலர். பற்றுதற்குரிய உறுதியான துணையைப் புளியங்கொம்பு என்பது வழக்கு. ஒடியும் மரமும் ஒடியா மரமும் என ஒரு பொருளியல் வகைப்பாட்டை இவ்விரு வழக்குகளும் மரபில் பதிந்து வைத்துள்ளன.

முறி என்பதனோடு இடையின ரகரம் பெற்ற முரி என்னும் வினையையும் ஒப்பிடுதல் வேண்டும். முரிதல் ஒடிதலையும் குறிக்கும், வளைதலையும் குறிக்கும். புருவம் முரிதல் என்னும் இலக்கிய வழக்கில் உடைவு இல்லை, வளைவே உண்டு. முறி என்பதில் இவ்வளைவுப் பொருள் இல்லை. அது பெயராக வருங்கால் தளிரையும், துண்டையும், எழுதப்பட்ட ஓலைத்துண்டாகிய ஆவணத்தையும் குறிக்கும். இலங்கைத் தமிழில் இன்றும் வழங்கும் பிணைமுறி என்னும் நிதித்துறைச் சொல் அவ்வாவணப் பொருளின் தொடர்ச்சியாகும். வளைவையும் உடைவையும் ஒருசேரக் கொண்ட முரிக்கும், உடைவை மட்டும் கொண்ட முறிக்கும் இடையிலான வேறுபாடு, வளைந்து உடையும் பொருளுக்கும் வளையாது உடையும் பொருளுக்கும் இடையிலான வேறுபாட்டை நினைவூட்டுகிறது. ஆயினும் இவ்விரு வடிவங்களும் ஏடுகளிலும் அச்சிலும் ஒன்றற்கொன்று மாறி வருவதால், எழுத்து வேறுபாட்டை மட்டும் கொண்டு பொருள் வரையறை செய்தல் இயலாது.

இறு என்னும் வினையின் வரலாறு தனியே நோக்கத்தக்கது. அளவுக்கு மிஞ்சி மயிற்பீலி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தைக் கூறும் திருக்குறளில் (475) இறு என்னும் வினையே ஆளப்படுகிறது. கம்பராமாயணத்தின் கார்முகப் படலத்தில் வில் முறிந்ததைச் சொல்லவும் இவ்வினையே வருகிறது. இரண்டிடத்தும் அது நொடிப்பொழுதில் நேரும் உடைவு. இன்றைய வழக்கில் அச்சுக்கும் வில்லுக்கும் முறி என்பதே வருகிறது. இறு என்பது ‘இற்றுப்போதல்’ என்னும் வடிவில் துணி, கயிறு, தகரம் ஆகியவை நாட்பட்டு வலுவிழத்தலைக் குறிக்கிறது. பேச்சுவழக்கில் இது ‘இத்துப்போதல்’ என ஒலிக்கிறது. திடீர் உடைவைக் குறித்த சொல் மெல்லமெல்ல நலிதலைக் குறிக்கும் சொல்லாக நகர்ந்துள்ளது. இறுதி என்னும் பெயரில் மட்டும் முடிவுப் பொருள் எஞ்சியுள்ளது.

3. விளைவு நோக்கிய வினைகள்

இரண்டாம் பகுதி வினைகள் உடைந்தபின் எஞ்சுவது யாது என்பதை நோக்குவன. நொறுங்குதல் பல சிறு துண்டுகளாதல். சிதறுதல் அத்துண்டுகள் பரவுதல். தெறித்தல் விசையோடு விலகுதல். உதிர்தல் சிறிது சிறிதாகக் கழன்று விழுதல். தகர்தல் கட்டமைப்புக் குலைதல். இவை பொருளின் வடிவத்தைப் பொருட்படுத்துவதில்லை.

தேங்காய் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். அருச்சனைக்குத் தேங்காயை இரண்டாக உடைப்பர். பிள்ளையார்முன் சிதறுகாய் போடுவர். பொருளும் அதன் இயல்பும் ஒன்றே. விசையும் விளைவும் மாற, வினை மாறுகிறது. ஆகவே சிதறுதல், நொறுங்குதல் ஆகியன பொருளின் இயல்பை மட்டும் சார்ந்தவை அல்ல. அதன்மீது செலுத்தப்படும் விசையையும் சார்ந்தவை. நொறுங்கு என்பதிலிருந்து இயல்புப்பெயர் ஆக்கும்போது எழும் அடிப்படை இடர் இதுவே.

விளைவைச் சுட்டும் பெயர்களும் தமிழில் மிகுதி. உடைந்த கலத்தின் பகுதி ஓடு அல்லது சில்லு. உடைந்த அரிசி நொய் அல்லது குருணை. மரத்தின் பிளவு சிராய். காய்ந்து பெயரும் மேற்படலம் பொருக்கு. நொய் என்பது சிறுமையையும் வலுவின்மையையும் ஒருங்கே உணர்த்துவது. நொய்ம்மை என்னும் பண்புப்பெயர் அதினின்று தோன்றியது. தொல்காப்பிய உரியியல் நொசிவு, நுணங்கு ஆகியவற்றை நுண்மைப் பொருளின்கண் வைக்கிறது. மெலிந்ததும் நுண்ணியதும் எளிதில் ஊறுபடும் என்னும் கருத்து இச்சொற்களின் அடியில் உள்ளது. முன்னர்க் கூறிய மூன்றனுள் நொய்ம்மை இரண்டாம் கருத்துக்கே அணுக்கமானது. முதலாம் கருத்துக்கு அன்று.

உடைதலும் அழிதலும் ஒன்றல்ல என்பதையும் இங்குக் குறிக்க வேண்டும். சுட்ட மண்கலம் உடையும், ஆனால் மட்காது. கொடுமணல், கீழடி முதலிய அகழாய்வுகளில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தமைக்கு இவ்வியல்பே காரணம். எளிதில் உடையும் கலம் ஈராயிரம் ஆண்டு நிற்கிறது. எளிதில் உடையாது வளையும் பச்சோலை சில நூற்றாண்டுகளைக் கடப்பதே அரிது. சுடாத மண்கலத்தில் நீர் பெய்து வைப்பதை உவமையாக்கும் திருக்குறள் (660) காட்டும் கேடு உடைதலன்று, கரைதலாகும். சுடுதல் என்னும் ஒரு தொழிலால் மண் கரையும் இயல்பை இழந்து உடையும் இயல்பைப் பெறுகிறது.

4. வினை வடிவமும் ஒலிக்குறிப்பும்

இவ்வினைகளுட் பெரும்பாலானவை தன்வினை, பிறவினை இணைகளாக அமைந்தவை. உடைந்தது, உடைத்தான், ஒடிந்தது, ஒடித்தான், முறிந்தது, முறித்தான், கிழிந்தது, கிழித்தான், உதிர்ந்தது, உதிர்த்தான் ஆகியவற்றில் இடைநிலையும் சந்தியுமே வேறுபடுகின்றன. நொறுங்கு, நொறுக்கு என்பதில் மெல்லினம் வல்லினமாகிறது. பிள என்பது பிளந்தது, பிளந்தான் என இரண்டிடத்தும் ஒரே வடிவில் நிற்கும். தன்வினை வடிவம் செய்தவனைச் சுட்டாமலே நிகழ்வைக் கூற இடமளிக்கிறது. உடைவுக்குக் காரணம் வெளியிலுள்ள கையிலா, பொருளின் உள்ளியல்பிலா என்னும் வினாவை இலக்கண வடிவமே எழுப்புகிறது எனலாம்.

போ என்னும் துணைவினை இவற்றோடு இயல்பாகச் சேரும். உடைந்துபோயிற்று, நொறுங்கிப்போயிற்று என்பவற்றில் மீளாமைப் பொருள் உண்டு. வளைந்த கம்பியை நிமிர்த்தலாம். பித்தளைக் குடத்தில் விழுந்த ஒடுக்கை எடுக்கலாம். உடைந்த மண்குடத்திற்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. நசுங்கு, நெளி, மடங்கு, குழை, வளை ஆகிய வினைகள் ஒருபுறமும், உடை, முறி, நொறுங்கு ஆகியன மறுபுறமும் நிற்க, இடையில் மீளக்கூடியது, மீளாதது என்னும் கோடு ஓடுகிறது. முகர்ந்த அளவில் அனிச்சம் குழையும் எனத் திருக்குறள் (90) கூறுவதும் இக்கோட்டின் முதற்பக்கத்து வினையாலேயாம். மென்மையின் எல்லையாக மரபு காட்டும் மலர்கூட உடைவதில்லை. எளிதில் உடைதலை மென்மை என மொழிபெயர்ப்பது பிழை என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஒலிக்குறிப்புச் சொற்கள் தரும் செய்தி இன்னும் முதன்மையானது. உடைதலும் ஒடிதலும் சட்டென, பட்டென, படீரென, மளமளவென வரும் அடைகளை ஏற்கின்றன. நீளும் பொருளின் அறுதலுக்கு இழுபட்டு இழுபட்டு என்னும் அடை பொருந்தும். கண்ணாடிக்கு அது பொருந்தாது. மொறுமொறு என்பது உண்ணும்போது எழும் ஓசையாலேயே உணவின் இயல்பைச் சுட்டுகிறது. பொலபொல என்பது உதிர்தலுக்கே உரியது; முறிதலோடு வாராது. திடீரென நிகழ்தல் என்னும் கூறு வினைப்பகுதியில் அன்றி, அதனோடு வரும் அடையிலேயே பதிந்துள்ளது. வினையைத் தனியே எடுத்துக் கலைச்சொல்லாக்கும்போது கழன்றுவிடுவது இக்கூறே.

கழன்றுவிடும் அக்கூறு அற்பமானதன்று. 1943 சனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்து துறையில், அமைதியான நீரில் நின்றிருந்த ஸ்கெனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் பேரொலியுடன் நடுவே முறிந்தது. புயலோ மோதலோ இல்லை. குளிரில் எஃகு வளையும் இயல்பை இழந்திருந்ததும், பற்றவைப்பில் அமைந்த குறையிலிருந்து விரிசல் தடையின்றிப் பரவியதும் அதற்குக் காரணங்களாக அறியப்பட்டன. கண்ணாடியின் வலிமையைக் குறைப்பவை அதிலுள்ள கண்ணுக்குப் புலனாகாத கீறல்களே என்பதை ஏ. ஏ. கிரிஃபித் 1921இல் வெளியான தம் கட்டுரையில் முன்னரே விளக்கியிருந்தார். அக்கப்பல் நொறுங்கவில்லை, முறிந்தது. நொறுங்கும் தன்மை என்னும் தொடரால் இந்நிகழ்வை விளக்க முற்படும் மாணவர், கப்பல் தூளாயிற்று என்றே பொருள்கொள்வர். முன்னறிவிப்பின்றி முறிந்தது என்னும் உயிர்க்கருத்தைத் தவறவிடுவர்.

5. பதமும் முறுகலும்: உடைவுக்கு முந்தைய நிலை

உடைவுக்கு முன் பொருளில் அமையும் நிலையைச் சுட்டும் சொற்களை அகராதியில் ‘உடை’ என்னும் தலைச்சொல்லின்கீழ்த் தேடினால் காண்பது அரிது. தொழில் வழக்குகளிலேயே அவை கிடைக்கின்றன.

வெல்லப்பாகு காய்ச்சுவோர் கம்பிப் பதம், உருட்டுப் பதம், உடையும் பதம் எனப் பாகின் நிலைகளைப் பகுப்பர். விரலிடையே எடுத்தால் நூலாக நீள்வது கம்பிப் பதம். நீரிலிட்டு விரலால் திரட்டினால் உருளுவது உருட்டுப் பதம். நீரிலிட்டு எடுத்துத் தட்டினால் ஓசையுடன் உடைவது உடையும் பதம். கடலை மிட்டாய்க்கு வேண்டப்படுவது இவ்விறுதிப் பதம். நீளும் இயல்பு, உருமாறும் இயல்பு, வளையாது உடையும் இயல்பு என்னும் பொருளறிவியல் பகுப்பு இங்கு ஒரே பொருளின் அடுத்தடுத்த நிலைகளாக அமைந்திருப்பது வியப்பன்று. நீர் வற்ற வற்றப் பாகின் இயல்பு மாறுவதே அதன் காரணம். பள்ளி அறிவியல் ஆளும் ‘கம்பியாக நீளும் தன்மை’ என்னும் தொடரும் பாகுப் பதத்தின் பெயரும் கம்பி என்னும் ஒரே உவமையில் சந்திக்கின்றன. நீளும் இயல்புக்கு வழக்கிலிருந்து நிலைப்பெயர் கிடைத்திருக்க, உடையும் இயல்புக்கு மட்டும் விளைவுப்பெயர் கொள்ளப்பட்டது.

கொல்லுத்தொழிலில் காய்ச்சிய இரும்பை நீரில் ஆழ்த்தி உறுதிப்படுத்துவது தோய்ச்சல். தோய்ச்சல் போதாத அரிவாளின் வாய் மடங்கும். மிகுந்ததன் வாய் தெறிக்கும். மடங்குதலுக்கும் தெறித்தலுக்கும் இடைப்பட்டதைக் கண்டறிவதே கொல்லரின் கைத்திறன். இங்கும் நிலையே முதன்மை. உடைவு அதன் விளைவு.

முறுகு என்னும் வினை இந்நிலைக்குப் பொதுப்பெயராகும் தகுதியுடையது. சூட்டாலோ வறட்சியாலோ நெகிழ்வு இழந்து விறைத்தலை அது குறிக்கிறது. முறுகலான தோசை மடிக்கும்போது மடங்காமல் ஒடிகிறது. இலங்கைத் தமிழ் இதழ்கள் இரு தரப்பாரிடையே எழும் பதற்றத்தை முறுகல் நிலை என்கின்றன. அங்கு எதுவும் இன்னும் உடைந்துவிடவில்லை. இனி விட்டுக்கொடுக்க இடமில்லை என்பதே பொருள். உடைவுக்கு முந்தைய விறைப்பு என்னும் பொருள் சமையல் வழக்கிலும் அரசியல் வழக்கிலும் ஒத்து நிற்கிறது.

மனநிலையைக் குறிக்கும் வழக்குகளும் இப்பகுப்பை உறுதிப்படுத்துகின்றன. இருவரை இணைக்கும் உறவும் ஒப்பந்தமும் முறிகின்றன, பலரைத் தன்னுள் கொண்ட கட்சியும் அணியும் உடைகின்றன, தாங்கி நின்றவர் ஒடிந்துபோகிறார், மனம் நொறுங்குகிறது. நீண்டது, கொண்டிருப்பது, தாங்குவது என்னும் வடிவ வேறுபாடுகள் கண்ணுக்குப் புலனாகாப் பொருள்களிலும் மாறாமல் தொடர்கின்றன. ஒப்பந்தம் நொறுங்கியது என எழுதுவார் இலர். இவ்வினைத் தேர்வு மொழியில் ஆழ வேரூன்றியது என்பது இதனால் புலனாகும்.

6. சுவடி விளக்கத்திற்கான கலைச்சொற்கள்

மேற்கண்ட பகுப்பு நேரடிப் பயன் தரக்கூடிய களம் ஓலைச்சுவடித் துறை. பச்சோலையை எழுதுதற்கேற்ற ஏடாக்கும் தொழிலைப் பாடம் செய்தல், பதப்படுத்துதல் என்பது மரபு. பதம் என்னும் அதே சொல் இங்கும் வருகிறது. பதப்பட்ட ஏடு வளைந்து கொடுக்கும். காலப்போக்கில் ஈரப்பதம் குன்றி அப்பதம் கெடும்போது விறைக்கும். எலுமிச்சைப்புல் எண்ணெய் முதலியவற்றை ஏட்டில் தடவும் பாதுகாப்பு முறை, பூச்சிகளைத் தவிர்ப்பதோடு ஏட்டின் நெகிழ்வை மீட்பதையும் நோக்கமாகக் கொண்டது.

விறைத்த ஏடும் ஒடிந்த ஏடும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டால், முன்னதைக் காக்கும் வாய்ப்பு இழக்கப்படும். ஒடிந்ததற்கு இணைப்பு வேண்டும். விறைத்ததற்குக் கட்டவிழ்க்கும் முன்னரே நெய்ப்பு வேண்டும். பட்டியலில் ‘சிதைந்தது’ என மட்டும் கண்டு கட்டவிழ்ப்பவர் கையில் ஏடு முறியுமாயின், அதற்குச் சொல்லின் பொதுமையும் ஒரு காரணமாகும். இதனைக் கருத்திற்கொண்டு பின்வரும் ஐந்து சொற்களை வேறுபடுத்தி ஆளலாம்.

முறுகல்: ஏடு முழுமையாக உள்ளது, நெகிழ்வு இழந்து விறைத்துள்ளது, வளைத்தால் முறியும்.
ஒடிவு: ஏடு குறுக்கே உடைந்துள்ளது, துண்டுகள் உள்ளன, எழுத்து இழப்பு இல்லை அல்லது சிறிதே.
உதிர்வு: ஓரங்கள் சிறிது சிறிதாகக் கழன்று விழுகின்றன, வரியின் முதலும் ஈறும் இழப்புக்குரியன.
இற்றல்: ஈரத்தாலோ நாட்பட்டமையாலோ ஓலையின் நார் வலுவிழந்துள்ளது, கயிற்றுத்துளையின் சுற்றில் இது கருதிப் பார்க்கத்தக்கது.
நொறுங்கல்: ஏடு பல துண்டுகளாகிவிட்டது, வரிசை மீட்டலே செய்யத்தக்கது.

செல்லரிப்பு பூச்சியால் நேர்வதாதலின் இவ்வரிசையில் அடங்காது. அதற்கு வழங்கும் பெயரே போதும். இவ்வைந்தும் புதிதாகப் படைக்கப்பட்டவை அல்ல. வழக்கிலுள்ள வினைகளின் தொழிற்பெயர்களே. தாமோதரம்பிள்ளை ஓரத்திற்கும் இதழுக்கும் வெவ்வேறு வினை ஆண்டதன் முறைப்படுத்திய வடிவமாக இவற்றைக் கொள்ளலாம்.

பொருளறிவியலுக்கும் இப்பகுப்பு நீளும். சுத்தியலால் தூளாகும் கந்தகம், கரி ஆகியவற்றுக்கு நொறுங்கும் தன்மை என்னும் நிலைத்த தொடரை மாற்ற வேண்டியதில்லை. வார்ப்பிரும்பு, கண்ணாடி, குளிரில் எஃகு ஆகியன வளையாது உடையும் இயல்புக்கு முறுகுதன்மை என்பதையும், அவ்வுடைவு நிகழ்ச்சிக்கு முறுகு முறிவு என்பதையும் ஆளலாம். உணவு வழக்கின் சாயல் இச்சொல்லுக்கு உண்டு என்பது ஒரு தடையாகக் கூறப்படலாம். கம்பிக்கும் பாகுக்கும் உள்ள உறவு அறிவியல் தமிழுக்கு இடையூறாகாதது போல இதுவும் ஆகாது. உதிரும் மண், பாறை ஆகியவற்றுக்கு உதிர்தன்மையும், நுண்ணிய செய்பொருள்களுக்கு நொய்ம்மையும் பொருந்தும். உடைமை என்னும் வடிவம் செல்வத்தைக் குறித்து நிலைபெற்றுவிட்டமையால் உடை என்பதிலிருந்து நேரே பண்புப்பெயர் ஆக்குதல் மயக்கம் தரும், அது தவிர்க்கத்தக்கது.

முடிவுரை

எளிதில் உடைதலைச் சுட்டும் தமிழ் வினைகள் பொருளின் வடிவத்தையும் உடைவின் விளைவையும் நுட்பமாக வேறுபடுத்துகின்றன. உடைவின் திடீர்த்தன்மை வினைப்பகுதியில் அமையாது, ஒலிக்குறிப்பு அடைகளில் அமைகிறது. ஆகவே வினையை மட்டும் எடுத்து ஆக்கப்படும் கலைச்சொல் அக்கூறினை இழக்கிறது. உடைவுக்கு முந்தைய நிலையைச் சுட்டும் பதம், தோய்ச்சல், முறுகல் ஆகிய சொற்கள் தொழில் வழக்குகளில் உயிர்ப்புடன் உள்ளன. இறு என்னும் வினை திடீர் உடைவிலிருந்து நாட்பட்ட நலிவுக்கு நகர்ந்தமை இப்பொருட்புலம் வரலாற்றில் மாறிவந்ததையும் காட்டுகிறது.

உடைந்தபின் இடும் பெயர் பதிவுக்கு உதவும்; உடையுமுன் இடும் பெயரே காப்புக்கு உதவும். கட்டவிழ்க்கப்படாத சுவடியொன்றின் மேல் முறுகல் என்று குறித்து வைத்தால், அடுத்து அதனைக் கையிலெடுப்பவர் கட்டை அவிழ்க்குமுன் எண்ணெயைத் தேடுவார்.